புது நாய்க்குட்டி இரவில் நிம்மதியாக நித்திரை கொள்ள: முதல் மாதத்துக்கான வழிகாட்டி

வீட்டுக்கு வந்த முதல் இரவில் நாய்க்குட்டி குளறுவதற்குப் பெரிய காரணம், அது பிறந்ததிலிருந்து ஒருநாளும் தனியாக நித்திரை கொண்டதில்லை என்பதுதான். தாயின் வயிற்றோடு ஒட்டி, கூடப்பிறந்த குட்டிகளின் மேல் ஏறிக் கிடந்து, அவற்றின் சூட்டிலும் மணத்திலும் கண்ணயர்ந்த உயிர் அது. அதைத் திடீரென்று ஒரு பெட்டிக்குள் வைத்து விளக்கை அணைத்தால் கூப்பிடத்தான் செய்யும். தனித்துப்போன குட்டி சத்தம் போட வேண்டும், தாய் தேடி வர வேண்டும். நாய்ச் சாதிக்கு இயற்கை கொடுத்த பாதுகாப்பு அப்படி.

எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் நாயை வீட்டுக்குள் எடுக்காத குடும்பங்கள் நிறைய. புதுக் குட்டியையும் முதல் நாளே கிணற்றடியிலோ கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலோ கட்டிவிட்டு, "ரெண்டு நாள் கத்தும், மறுகா பழகிரும்" என்று சொல்லிவிடுவோம். கத்துவது நிற்கும், உண்மைதான். கூப்பிட்டும் யாரும் வராததால் களைத்துப்போய் நிற்கிறது. அந்தப் பயம் உள்ளேயே தங்கி, பிறகு தனியாக விட்டாலே பதறுகிற நாயாக அது வளரக்கூடும். ஆகவே நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: ஆரம்பத்தில் கொஞ்ச நாட்களுக்கு வீட்டில் ஒருவர் குட்டிக்குப் பக்கத்தில் படுங்கள், பிறகு மெல்ல மெல்ல விலகுங்கள். கீழே வருகிற மற்ற எல்லாம் அதற்குத் துணை.

கொண்டுவருவதற்கு முன்

எட்டு வாரம் முடியாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். கொடுப்பவர் அவசரப்படுத்தினாலும் பொறுத்திருங்கள். போகிற நாளுக்கு முன்பே பழைய சாறன் துண்டொன்றைக் கொண்டுபோய்த் தாய் படுக்கிற இடத்தில் போட்டுவிட்டு வாருங்கள். குட்டியை எடுக்கும்போது அதையும் கழுவாமல் கொண்டுவர வேண்டும். தாயின் மணம் அதில் சில நாட்களுக்கு இருக்கும். என்ன சாப்பாடு கொடுத்தார்கள், பூச்சி மருந்து எப்போது கொடுத்தார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டிவருவதைக் காலையில் வைத்துக்கொண்டால் இருட்டுவதற்குள் வீட்டின் மூலை முடுக்கையெல்லாம் மணந்து பழக ஒரு பகல் கிடைக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமை அல்லது சனிக்கிழமை நல்லது. மறுநாள் நித்திரை முழித்த களைப்போடு கந்தோருக்கு ஓட வேண்டியதில்லை.

சந்தையடியிலோ கோயில் வீதியிலோ யாரோ விட்டுப்போன பெட்டைக் குட்டியை எடுத்து வருகிறீர்கள் என்றால் அது எட்டு வாரத்துக்கும் குறைவாக இருக்கலாம். அப்படியான குட்டிக்குச் சூடும் இரவுச் சாப்பாடும் கூடத் தேவைப்படும். வீட்டுக்குக் கொண்டுவர முன்பே மிருக வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.

படுக்கும் இடம்

மனுசரின் மூச்சுச் சத்தம் கேட்கிற தூரத்தில் குட்டி படுக்க வேண்டும். அறையின் ஒரு மூலை மிக நல்லது. வீட்டுக்குள் விட மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது: விறாந்தை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெக்கை தாங்காமல் விறாந்தையில் பாய் விரித்துப் படுப்பது நம்மிடம் உள்ள பழக்கம்தான். குட்டி வந்த நாட்களிலும் அதையே செய்யுங்கள். பாய்க்குப் பக்கத்தில் குட்டியின் பெட்டி, இரண்டுக்கும் மேலே நுளம்பு வலை. அவ்வளவு போதும். விறாந்தைக்குக் கதவு இல்லையென்றால் பலகையோ கம்பி வலையோ வைத்து இரவில் அடைத்துக்கொள்ளுங்கள். வேலியின் இடைவெளிகளையும் படலையின் அடிப்பக்கத்தையும் ஒருதடவை பாருங்கள். குட்டியின் தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும்.

பெட்டிக்குக் கடையில் பிஸ்கட் வந்த மட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கினால் போதும். குட்டி காலை நீட்டிப் படுக்கவும், எழும்பித் திரும்பவும் இடம் வேண்டும். அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு மற்ற மூலையில் சலம் விடும். தான் படுக்கிற இடத்தை அழுக்காக்க நாய் விரும்பாது; அளவான பெட்டி அந்தக் குணத்துக்கு உதவும். அடியில் பழைய பத்திரிகை, அதற்குமேல் பருத்தித் துணி, எல்லாவற்றுக்கும் மேலே தாயின் மணமுள்ள சாறன் துண்டு.

வயல் ஊர்களில் உரப்பைதான் கைக்கு முதலில் அகப்படும். தயவுசெய்து அதைப் போடாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் உரத்தின் மிச்சம் இருக்கும், பையின் பிளாஸ்டிக் நூலைக் குட்டி கடித்து விழுங்கினால் குடலில் சிக்கும். இரவில் கயிற்றிலோ சங்கிலியிலோ கட்டவும் வேண்டாம். சுற்றிக்கொண்டு கழுத்து இறுகும் ஆபத்து சின்னக் குட்டிக்கு மிக அதிகம். பெட்டிக்குள் சாப்பாட்டுத் துண்டும் இருக்கக் கூடாது. இரவில் எறும்பு ஏறும், குட்டி கடி தாங்காமல் கத்தும், நாம் வேறு காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

வெக்கையும் மாரியும்

நாய்க்கு வியர்வை பாதங்களில்தான் கொஞ்சம் வரும். மற்றபடி வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரையான கச்சான் காலத்தில் தகரக் கூரையின் கீழே பகல் சூடு இரவு நெடுநேரம் தங்கும். அந்த நாட்களில் துணிக் குவியலுக்குள் குட்டியைப் பொத்தி வைக்க வேண்டாம். பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, பாதி துணி, பாதி வெறும் சீமெந்துத் தரையாக விடுங்கள். தனக்கு எது வேண்டுமோ அதை அது தேர்ந்துகொள்ளும். நீங்கள் அருமையாக விரித்துக் கொடுத்ததை விட்டுவிட்டு வெறும் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்தால் விட்டுவிடுங்கள், அதற்குச் சுகமாகத்தான் இருக்கிறது. ஃபேன் நேரே அடிக்காமல் அறையில் சுற்றட்டும். அதன் ஒரே சீரான சத்தம் தெருநாய்களின் குரைப்பையும் கொஞ்சம் மறைக்கும். நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டே இருந்தால் இடம் சூடு என்று அர்த்தம். ஈரத் துணியால் வயிற்றையும் பாதங்களையும் துடைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மழையில் நிலைமை தலைகீழ். தரை ஊறிக் குளிரும், விறாந்தைக்குள் தூவானம் அடிக்கும். பெட்டியை இரண்டு கல்லின் மேல் பலகை போட்டுத் தூக்கி வையுங்கள். சோடாப் போத்தலில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தால் குட்டி அதோடு ஒட்டிப் படுக்கும். சூடு கூடினால் விலகிப் படுக்க மற்றப் பக்கம் வெறுமையாக இருக்கட்டும். வெள்ள நாட்களில் பாம்புகளும் மேடான இடம் தேடி வரும். பெட்டிக்குள்ளும் பெட்டிக்கு அடியிலும் டோர்ச் அடித்துப் பார்த்த பிறகே குட்டியை விடுங்கள்.

நுளம்புச் சுருள் பற்றியும் சொல்ல வேண்டும். சுருளை நாம் தரையில் வைக்கிறோம், குட்டியின் மூக்கும் தரைமட்டத்தில்தான் இருக்கிறது. இரவு முழுக்க அந்தப் புகையைச் சுவாசிப்பது அதற்கு நல்லதல்ல. கைக்குழந்தைக்குப் போடுகிற குடைவலை வீட்டில் பழையது இருந்தால் பெட்டியை முழுதாக மூடிவிடலாம்.

பகலில் செய்ய வேண்டியது

இரண்டு மாதக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணித்தியாலம் வரை நித்திரை கொள்ளும். இதை வீட்டில் உள்ளவர்கள் நம்புவதில்லை. பகலில் நித்திரை கொண்டால் இரவில் முழித்திருக்கும் என்று நினைத்து எழுப்பி எழுப்பி விளையாடுவார்கள். நடப்பது வேறு. பகல் நித்திரை கெட்ட குட்டி பொழுதுபடும் நேரத்தில் கண்மண் தெரியாமல் ஓடும், காலையும் துணியையும் கடிக்கும். இன்னும் விளையாட்டுக் காட்டினால் களைத்து விழும் என்று நாம் பார்ப்போம். ஏற்கனவே அளவுக்கு மீறிக் களைத்ததால்தான் அப்படி ஓடுகிறது. சின்னப் பிள்ளை நித்திரை வெறியில் அழுவது போலத்தான் அதுவும். ஒரு மணித்தியாலம் முழித்திருந்தால் பிறகு கொண்டுபோய்ப் பெட்டியில் விடுங்கள். பகல் நித்திரையும் இரவு படுக்கிற அதே பெட்டியில் இருக்கட்டும். அப்போது இருட்டும் பெட்டியும் சேர்ந்து ஒரு புதுப் பயமாக வராது.

பிள்ளைகளுக்கு ஒரு விதி போதும்: நித்திரையில் இருக்கிற குட்டியைத் தொடக் கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

பகலிலேயே தனிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். குட்டி பெட்டியில் கண்ணயரும்போது எழும்பிக் குசினிக்குப் போய்த் திரும்பி வாருங்கள். அடுத்த முறை கிணற்றடி வரை. போனவர் திரும்பி வருவார் என்று அது கற்றுக்கொள்வது இப்படித்தான்.

சாப்பாடு இந்த வயதில் நாளுக்கு மூன்று, நான்கு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. நீங்கள் பத்து மணிக்குப் படுப்பவர் என்றால் கடைசிச் சாப்பாடு ஏழு மணிக்கு முன் முடியட்டும். சோறும் அவித்த மீனும் கொடுக்கலாம். முள் எல்லாம் எடுத்து, உறைப்பும் வெங்காயமும் இல்லாமல். கோழி எலும்பு வேண்டாம். பால்மா கரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் அன்பின் அடையாளம், ஆனால் பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்கு அது வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். வயிறு இளகிய குட்டி இரவில் நான்கு தரம் எழும்பும். முன்பு இருந்த வீட்டில் கொடுத்த சாப்பாட்டையே முதல் சில நாட்களுக்குத் தொடர்ந்து, பிறகு மெல்ல மாற்றுங்கள். படுக்கப் போக ஒரு மணித்தியாலத்துக்கு முன் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவிடச் சொல்வார்கள். மாரியில் அது சரி. கச்சான் வெக்கையில் நான் அதற்கு உடன்பட மாட்டேன். கொஞ்சத் தண்ணீர் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

முதல் இரவு

ஒன்பது மணிக்குப் பிறகு ஓட்டம் வேண்டாம். விளக்கைக் குறைத்து, கடிக்க ஒரு துணி முடிச்சைக் கொடுத்து அமைதிப்படுத்துங்கள். படுக்கப் போகுமுன் சலம் போக வெளியே விடுங்கள். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரைப் பக்கத்து வளவுகள் பெரும்பாலும் மணல், அதில் இருக்கப் பழக்குவது லேசு. எப்போதும் வளவின் அதே மூலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் விடாதீர்கள், குட்டிகளுக்குக் கடும் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும் பார்வோ நோயின் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். குட்டி இருந்த மலத்தையும் உடனே அள்ளிவிடுங்கள். நாயின் கொக்கிப்புழு மணலில் வளர்ந்து, வெறுங்காலோடு விளையாடுகிற பிள்ளைகளின் தோலுக்குள்ளும் போகும்.

பிறகு பெட்டியில் விட்டு, நீங்கள் பக்கத்தில் படுங்கள். ஒரு கை பெட்டிக்குள் இருக்கட்டும். அனுங்கும், சுற்றும், துணியைக் கிளறும். உடனே தூக்காமல் சற்றுப் பொறுங்கள். கையை மணந்துவிட்டு அதன்மேல் தலையை வைத்தால் அப்படியே அசையாமல் இருங்கள். அனுங்கல் குளறலாக மாறினால் தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை பேசுங்கள், முதுகில் கையை வையுங்கள். "அழும்போது தேற்றினால் செல்லம் கூடிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். பயந்த குட்டியைத் தேற்றினால் பயம் கூடாது, குறையும். படுக்கைக்கு மேலே ஏற்றுவது வேறு விசயம். வளர்ந்த பிறகும் உங்களோடு கட்டிலில் படுக்க விடுவதாக இருந்தால் ஏற்றுங்கள், இல்லையென்றால் முதல் நாளே வேண்டாம்.

ஒருதரம் நன்றாக நித்திரை கொண்ட குட்டி நடுவில் எழும்பிச் சத்தம் போட்டால், பெரும்பாலும் சலம் முட்டியிருக்கும். எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணித்தியாலம்தான் அடக்கக்கூடிய நேரம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணித்தியாலம். அது கத்தும் வரை காத்திருக்காமல் நீங்களே முந்திக்கொள்வது நல்லது. பத்து மணிக்குப் படுத்தால் கைத்தொலைபேசியில் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் அலாரம் வையுங்கள். கையில் தூக்கிக்கொண்டே போங்கள். நடத்தினால் வாசலுக்குப் போகுமுன் விட்டுவிடும். டோர்ச்சும் காலில் செருப்பும் கட்டாயம். விளையாட்டுமில்லை, பேச்சுமில்லை. முடிந்ததும் "நல்ல பிள்ளை" என்று ஒருதரம் தடவி, திரும்பப் பெட்டிக்குள். சில நாள் போக அலாரத்தைப் பதினைந்து, இருபது நிமிடம் பின்தள்ளிக்கொண்டே வாருங்கள். நான்கு முதல் ஆறு மாத வயதுக்குள் இரவு முழுக்க அடக்கப் பழகிவிடும்.

தவறிப் பெட்டிக்குள்ளோ தரையிலோ விட்டுவிட்டால் அடிக்கவும் கூடாது, மூக்கை அதில் தேய்க்கவும் கூடாது. ஏன் அடி விழுகிறது என்று அதற்குப் புரியாது, உங்கள் கையைக் கண்டு ஒதுங்க மட்டும் பழகும். சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவி, வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்துவிடுங்கள். மணம் போனால்தான் அடுத்த முறை அதே இடத்தைத் தேடாது.

நித்திரையில் கால்களை உதறும், உதடு துடிக்கும், வாய்க்குள்ளேயே சின்னதாகக் குரைக்கும். கனவு காண்கிறது, எழுப்ப வேண்டாம்.

விடியப்புறம் பாங்கு சொல்லும் நேரத்திலோ கோயில் ஒலிபெருக்கி தொடங்கும் நேரத்திலோ எழும்பிவிட்டால் வெளியே விட்டுத் திரும்பப் படுக்க வையுங்கள். ஐந்து மணிக்கே சாப்பாடு கொடுத்துவிட்டால் நாளைக்கு நான்கரைக்கே உங்களை எழுப்பும். அயல் வீட்டாரிடம் புதுக் குட்டி வந்திருக்கிறது, சில இரவுகள் சத்தம் கேட்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பெரிய சத்தங்கள்

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற ஊர்களில் இரவு நெடுநேரம் பறையும் ஒலிபெருக்கியும் கேட்கும். தீபாவளிக்கும் வருசப் பிறப்புக்கும் வெடி. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் வயல் எல்லைகளிலும் யானையை விரட்டப் போடும் யானை வெடி நடுச்சாமத்தில் சொல்லாமல் வரும். அந்த நேரங்களில் குட்டியை வீட்டின் நடு அறைக்கு எடுங்கள், யன்னலைச் சாத்தி ஃபேனைப் போடுங்கள், பக்கத்தில் இருங்கள். நாய் உள்ளே வரக் கூடாது என்கிற வீடுகளும் இந்த ஓரிரு இரவுகளுக்கு மட்டும் இளகிக் கொடுக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

உடம்பில் கோளாறு இருந்தால்

எல்லாம் சரியாகச் செய்தும் நித்திரை இல்லையென்றால் உடம்பைப் பாருங்கள். வயிறு ஊதி, சாப்பிட்டும் மெலிந்தால் பூச்சி இருக்கலாம். பூச்சிக் குளிசை இந்த வயதில் இரண்டு கிழமைக்கு ஒருதரம் தேவைப்படும், அளவை நிறை பார்த்து மிருக வைத்தியர் சொல்ல வேண்டும். சொறிந்துகொண்டே இருந்தால் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி, தெள்ளு தேடுங்கள். மண்ணெண்ணெய் பூசும் பழைய கைவைத்தியம் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நஞ்சு. வளர்ந்த நாய்க்குப் போடும் உண்ணி மருந்தையும் கேட்காமல் குட்டிக்குப் போட வேண்டாம். காய்ச்சல் என்று பனடோல் கொடுக்கவே கூடாது, அது நாயின் ஈரலைக் கெடுக்கும்.

சத்தி (வாந்தி), இரத்தம் கலந்த வயிற்றோட்டம், சாப்பாட்டைத் திரும்பிப் பாராத சோர்வு, வெளிறிய முரசு (பல் ஈறு): இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் பகலில்தான் திறந்திருக்கும், ஆகவே இரவில் யாரைக் கூப்பிடலாம் என்பதைக் குட்டி வந்த முதல் கிழமையிலேயே விசாரித்து இலக்கத்தை எழுதி வையுங்கள். தடுப்பூசிகளுக்கும் விசர்நாய் ஊசிக்கும் நாள் குறிப்பதை அதே பயணத்தில் முடித்துவிடலாம். குட்டி விளையாட்டாகக் கடித்தோ கீறியோ இரத்தம் வந்தால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள்.

விலகுவது

தொடர்ந்து சில இரவுகள் குளறாமல் படுத்தால் கையைப் பெட்டியிலிருந்து எடுங்கள். அடுத்த சில இரவுகளில் பாயை ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். பிறகு கதவருகே, பிறகு கதவுக்கு அப்பால். ஓரிடத்தில் திரும்ப அழத் தொடங்கினால் ஒரு படி பின்னுக்கு வந்து இரண்டு நாள் பொறுங்கள். சில குட்டிகள் இரண்டு, மூன்று கிழமையில் பழகும். சிலதுக்கு மாதம் ஆகும், அதற்காக அவசரப்பட வேண்டாம்.

வெளியில் கூடு கட்டி விடுவதாக இருந்தால் நான்கு மாத வயது கழிந்து, தடுப்பூசிகள் முடிந்த பிறகு செய்யுங்கள். முதலில் பகல் நித்திரைக்கு மட்டும் கூட்டைப் பழக்கி, அதே பழைய துணியை உள்ளே போடுங்கள். தென்னையின் கீழே கூடு வேண்டாம், தேங்காயும் மட்டையும் விழும். தரையிலிருந்து ஒரு சாண் உயரம், தகரத்துக்குமேல் கிடுகு, வாசல் வீட்டுக் கதவைப் பார்த்தபடி. மாரியில் வடகிழக்கிலிருந்து சாரல் வரும், ஆகவே அந்தப் பக்கம் பலகையால் அடைத்திருக்க வேண்டும்.